சோளகத்துக்கு முன் ஒரு கையெழுத்து

“சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் இடமொன்று கடலரிப்பால் உடனடியாக அழியும் நிலையில் இருப்பின், பொறுப்பு அலுவலர் முன்அனுமதிக்குக் காத்திராமல் அகழ்ந்து மீட்கலாம், அறிக்கையைப் பின்னர் அனுப்பலாம்.”

எங்கள் அலுவலகக் கையேட்டில் இருந்த விதி இது. பொறுப்பு அலுவலர் நான். விதி எனக்கு மனப்பாடம். இருந்தும், வேறு வழியே இல்லை என்று ஒரு மனிதனிடம் பொய் சொன்னேன்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி...

அவன் பெயர் அந்தோனி. கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரன்; எங்கள் கள உதவியாளன். வடமேற்குக் கரையில் ஈமத்தாழிகள் புதைந்த மணல்மேடொன்று அவன் பொறுப்பில் இருந்தது. மே மாதம் சோளகக் காற்று எழும்பியதும் அலை மேட்டின் அடியைத் தின்னத் தொடங்கியது. பஸ் பிடித்துக் கொழும்புக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான். காற்சட்டை மடிப்பில் இன்னும் மணல்.

“ரெண்டு கிழமை தாங்காது, சேர். ஒரு தாழி இப்பவே பாதி வெளியில தொங்குது. உள்ளுக்கு சின்னப் பிள்ளைட எலும்பு.”

“கடலுக்கு அவசரமெண்டால் கடலையே விண்ணப்பிக்கச் சொல்லும், அந்தோனி. மூன்று பிரதியில.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வேறு வழி ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டான்.

“இல்லை” என்றேன்.

கையேடு என் இழுப்பறையில், ஒரு முழத் தூரத்தில் கிடந்தது!

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த விதிப்படி தோண்டினால் கீழே ஒரேயொரு கையெழுத்து, என்னுடையது. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஏதும் பிழையாகப் போனால் விசாரணை... பிறருடைய கையெழுத்துகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தே பழகியவன் நான். ஆகவே மேலிடத்துக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டேன். அழகான கடிதம். இணைப்புகள் எல்லாம் ஒழுங்கு.

அந்தோனி மீனவர்களோடு சேர்ந்து மணல்மூட்டை அடுக்கினான். யூலையில் ஒரு பின்னேரம் மேடு முழுவதும் கடலுக்குள் இறங்கிவிட்டது. தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை மட்டும் கரையில் மிஞ்சியது. கடல்மீது யார் வழக்குப் போடுவது?

பிஸ்கற் டின் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு தாழியோடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். “நீங்க என்ன செய்யிற, சேர். மேல இருந்து விடல்லையே” என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அந்தப் பிள்ளையின் எலும்பைப் பற்றி நான் கேட்கவில்லை... கேட்க எந்த வாய் இருந்தது எனக்கு?

இப்போது வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மாடி வீடொன்றில் இருக்கிறேன். பாதையோரக் கற்களை அலை அறைவது படுக்கைவரை கேட்கிறது. யன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது! சில நாட்களில் கரையோர ரயிலில் அந்தோனியைக் காண்கிறேன். எழுந்து இடம் தருகிறான். நானும் உட்காருகிறேன். நான் இறங்கும் தெஹிவளை வரும்வரை வாயைத் திறக்கப் பார்க்கிறேன், முடிவதில்லை.

மேலிடத்துப் பதிலை அவன் இன்றுவரை பார்த்ததில்லை. இரண்டே வரி: கையேட்டு விதிப்படி நீரே நடவடிக்கை எடுக்கலாம், எமது அனுமதி தேவையில்லை. அதைக் கோப்பில் கோத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டுமுன், ஒழுங்கு தவறாமல், கிடைத்த திகதியை மூலையில் என் கையாலேயே எழுதினேன்: செப்டெம்பர் பத்தொன்பது.