ஹீட்டர் வேண்டாம் என்று எழுதுகிறவள்

என் அண்ணி ஹெர்மீனியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இவ்வளவு நேர்மை ஒரு மனுஷிக்கு எதற்கு? அதுவும் அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைத்துப் பிழைக்கிறவளுக்கு?

இங்கே அல்கார்வ் கடற்கரையில், எங்கள் ஊர் மேட்டில் இருக்கிற பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரர்களுடையவை. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அதில் ஒரு பெல்ஜியக்காரரின் வில்லாவுக்கு அண்ணிதான் எல்லாம். சாவி, சமையலறை, தோட்டம், நீச்சல் குளம் எல்லாமே அவள் பொறுப்பு. படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுவது என் வேலை. சனிக்கிழமை காலையில் ஒரு குடும்பம் கிளம்பும், சாயங்காலம் அடுத்த குடும்பம் வந்து இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேய் பிடித்தவர்கள் போல வேலை செய்வோம்.

வருகிறவர்கள் எல்லோரும் முன்கூட்டியே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "குளத்துத் தண்ணீரைச் சூடாக்க வாரத்துக்கு இருநூற்றைம்பது யூரோ தனியாகக் கட்டச் சொல்கிறீர்களே, அது அவசியமா?" ஏனென்றால் அதை வந்து இறங்கிய பிறகு யோசிக்க முடியாது. புதன்கிழமையே ஹீட்டரைப் போட்டால்தான் சனிக்கிழமைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகும். கேள்வி நேராக அண்ணியின் கைப்பேசிக்கு வரும். அதுவே மொழிபெயர்த்தும் காட்டும்.

மேட்டில் மற்ற வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேள்வியை முழுசாகப் படிக்காமலே "அவசியம்" என்று எழுதிவிடுவார்கள். அண்ணி அப்படி இல்லை. "எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்? கூடக் குழந்தைகள், வயசானவர்கள் உண்டா?" என்று முதலில் விசாரிப்பாள். நாங்கள் ஆகஸ்ட் பிறக்காமல் தண்ணீரில் கால் வைக்க மாட்டோம். நார்வேக்காரனோ ஏப்ரலிலேயே குதித்துவிட்டு, வேகவைத்த இறால் மாதிரி சிவந்துபோய்ச் சிரித்துக்கொண்டு ஏறி வருவான். அதனால் பிரேசில்காரர்களுக்கு மே மாதம்கூட "வேண்டும்" என்று எழுதுவாள், வடக்கே இருந்து வருகிறவர்களுக்கு "வேண்டாம், வீண் செலவு" என்று எழுதுவாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து யோசிப்பாள்.

"உங்க வீட்டுக் காசா போகுது அண்ணி? போட்டுத் தள்ளுங்களேன்," என்பேன்.

"அவங்க காசுதானே லியோனில்டி. என்னை நம்பித்தானே கேக்குறாங்க," என்பாள். அதற்கு மேல் அவளோடு பேச முடியாது.

இதெல்லாம் என் அண்ணன் அடெரிட்டு நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்துக் கதை. அண்ணன் நகராட்சிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு தப்பித்தது. கை ஓரளவு தேறியது. கால் மட்டும் மரக்கட்டை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பயிற்சி ஒரு கட்டத்தோடு முடிந்தது. வெந்நீர்த் தொட்டியில் நடக்க வைக்கிற இடம் ஃபாரோ நகரத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே வரிசை நீளம். தனியார் இடத்துக்கு எங்கள் கை எட்டாது.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் அண்ணி வில்லாவுக்கே கூட்டி வந்து குளத்தோரம் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலையில் கிளம்பிப்போன ஜெர்மன்காரர்கள் ஹீட்டருக்குக் காசு கட்டியிருந்தார்கள். ஹீட்டரை அணைத்த பிறகும் தண்ணீர் மறுநாள் வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். இதமாக இருக்கட்டும் என்று அவருடைய காலைத் தண்ணீருக்குள் இருக்கிற மேல்படியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கத்தினார். நான் விழுந்துவிட்டாரோ என்று விரிப்பை வீசிவிட்டு ஓடினேன்.

"லியோனில்டி! கட்டை விரல் ஆடுது பாருடி!"

ஆடியது. கடவுளே, ஆடத்தான் செய்தது. அண்ணி போட்டிருந்த உடுப்போடு தண்ணீரில் இறங்கி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், நான் இன்னொரு பக்கம் பிடித்தேன். மார்பளவுத் தண்ணீரில் அண்ணன் நின்றார். வலது பாதத்தால் தரையை அழுத்தி, "ஆக்ஸிலேட்டர் வேலை செய்யுது. டிக்கெட் எடுக்காதவங்க எறங்கிடுங்க," என்றார். மூன்று பேரும் சிரித்தோம், பிறகு மூன்று பேரும் அழுதோம்.

அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. கிளம்பிப்போகிற குடும்பம் ஹீட்டருக்குக் காசு கட்டியிருந்தால் அந்தச் சனிக்கிழமை அண்ணன் தண்ணீரில் நடப்பார். கட்டாவிட்டால் இல்லை. நாமாகப் போட்டுவிடலாம் என்றால் பெல்ஜியக்காரர் தன் நாட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் மின்சாரக் கணக்கைப் பார்க்கிறவர். அடுத்த வசந்தத்துக்குள் அண்ணன் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கழிப்பறைக்குப் போனார். பேருந்து ஓட்டிய மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டி கையால் கழுவிக்கொள்ள வேண்டியிருந்த நாட்களில் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்த மே மாதம்தான் சோதனை. வரிசையாக வந்தவர்கள் எல்லோரும் ஸ்காட்லாந்து, டென்மார்க் என்று குளிர் தேசத்து ஆட்கள். அண்ணி வழக்கம்போல எல்லோருக்கும் "வேண்டாம்" என்று எழுதினாள். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. அண்ணனுக்குக் கால் மறுபடி இறுக ஆரம்பித்தது.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு வார்த்தை அண்ணி. 'வேணும்'னு எழுதுனா உங்க விரல் தேய்ஞ்சா போயிடும்? கட்டுன புருஷன் பெருசா, எவளோ ஊர் பேர் தெரியாதவ பெருசா?"

அண்ணி மத்தி மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "அவருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரிஞ்சாத்தானே!"

ஜூன் கடைசிக்கு ஓர் அயர்லாந்துக்காரி பதிவு செய்திருந்தாள். பெயர் ஓர்லா, இரண்டு சின்னக் குழந்தைகள். "ரொம்ப நாள் சேர்த்துவைத்து வருகிறோம். எங்களுக்கு இது பெரிய தொகை. ஜூன் கடைசியில் ஹீட்டர் உண்மையாகவே தேவையா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதன்படி செய்கிறேன்," என்று எழுதியிருந்தாள். அண்ணி அதை இரண்டு நாள் வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டும்" என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கைகழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

விதி பாருங்கள், அந்த வாரம் வெயில் கொளுத்தியது. தார்ச்சாலை உருகியது. ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் சுகமாக இருந்திருக்கும். காசு கட்டியாகிவிட்டதே, அதனால் அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் "சூப் மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்ததாக ஓர்லாவே சிரித்துக்கொண்டு சொன்னாள். அண்ணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை அவர்கள் கிளம்பியதும் அண்ணனை இறக்கினோம். தண்ணீர் அப்படி ஒரு சூடு. அன்றைக்கு அவர் யாரையும் பிடிக்காமல் நாலைந்து எட்டு வைத்தார். அண்ணி கையை விரித்துக்கொண்டு எதிரே நின்றாள், குழந்தையை நடக்கப் பழக்குகிறவளைப் போல. அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. ஓர்லா நின்றாள். சின்னவளின் துணி முயலை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பாதி வழியில் குழந்தை அழுது ஊரைக் கூட்டியிருக்கிறது.

அண்ணி சிலையாகிவிட்டாள். அண்ணனுக்கோ ஒன்றும் தெரியாது. நம்ம ஊர்க்காரியிடம் பேசுவது போல எங்கள் மொழியிலேயே, "வாம்மா, வாம்மா! தண்ணி அருமையா இருக்கு, நீயும் எறங்கு!" என்று இடது கையைத் தூக்கி அழைத்தார்.

ஓர்லா அவர் காலைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த ஹீட்டரைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. திட்டப்போகிறாள், நான் குறுக்கே பாயலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவளோ குனிந்து அண்ணியின் ஈரத் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டாள். முயலை எடுக்கவே இல்லை. நான்தான் ஓடிப்போய்க் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு.

"யாரு அந்தப் பொண்ணு? நல்ல பொண்ணா இருக்கு," என்றார் அண்ணன்.

இரண்டு வாரம் கழித்து, வாடகைக்கு எடுக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இணையப் பக்கத்தில் அவள் கருத்து எழுதினாள். ஐந்து நட்சத்திரம். "இந்த வீட்டின் பெரிய அழகு குளமோ கடலோ இல்லை, இதைப் பார்த்துக்கொள்கிற பெண்மணிதான். விருந்தினர் போன பிறகு மிச்சமிருக்கிற வெதுவெதுப்பில், நடக்க முடியாத தன் கணவரை நடக்க வைக்கிறாள். ஹீட்டருக்கு நாங்கள் கொடுத்ததுதான் இந்தப் பயணத்தில் மிக நல்ல செலவு." அண்ணி சொன்ன பொய்யைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அண்ணி படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படித்துக் காட்டினேன்.

பெல்ஜியக்காரரும் படித்தார். கூப்பிட்டார். கத்தவில்லை, அந்த மனுஷன் எப்போதும் மரியாதையாகவே பேசுவார்.

"ஹெர்மீனியா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அடுத்து வர்றவங்க, அந்தத் தண்ணியில வேற யார் யாரு எறங்குறாங்கன்னு கேட்டு எழுதுறாங்க. நாளைக்கு அவரு வழுக்கி விழுந்தா இன்ஷூரன்ஸ்காரன் என்னைத்தான் கேப்பான். இனிமே வேணாம். இன்னொரு தடவை நடந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

"சரிங்க," என்றாள் அண்ணி. அவள் சம்பளத்தில்தான் இரண்டு பேருக்கும் மருந்து, சாப்பாடு. வேறு என்ன சொல்வாள்?

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஓர்லா திட்டி எழுதியிருக்கக் கூடாதா? 'வெயில் காலத்தில் ஹீட்டர் வேண்டுமென்று சொல்லிக் காசைக் கரைத்துவிட்டாள்' என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தால் அண்ணி நாலு வசவு வாங்கியிருப்பாள், அண்ணன் தண்ணீரில் நடந்துகொண்டே இருந்திருப்பார். அன்பாக எழுதிக் கெடுத்தாள் பாவி. அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கினாள். "தன்னால எனக்கு வேலை போக இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு லியோனில்டி." அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பேச்சு. அவர் கால்சட்டைக்குள் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இந்த வாரமாவது உண்டா?"

"இல்லீங்க. அவங்க ஹீட்டர் எடுக்கல."

உண்மையில் செப்டம்பரில் வந்தவர்கள் எடுத்தார்கள். அக்டோபரில் வந்தவர்கள் எல்லோருமே எடுத்தார்கள். நாங்கள் விரிப்பு மூட்டையோடு குளத்தைத் தாண்டிப் போவோம், மூடிக்கு அடியில் தண்ணீர் இளஞ்சூட்டோடு சும்மா கிடக்கும். அண்ணி அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள். வீட்டில் அண்ணனுக்கு முதலில் கணுக்கால் இறுகியது, அப்புறம் முழங்கால். ஒரு நாள் கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்தார். அதற்குப் பிறகு தனியாக எழுந்து போகவே இல்லை. மறுபடி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

நவம்பரில் கஸ்தான்யாக் கொட்டை சுடுகிற பண்டிகைக்கு நானும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் கொட்டைகள் வெடித்துக்கொண்டிருந்தன. அண்ணி தோலை உரித்து உரித்து அவர் தட்டில் வைத்தாள். திடீரென்று அண்ணன், "எனக்கு எல்லாம் தெரியும் ஹெர்மீனியா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியின் விரல்கள் அப்படியே நின்றன.

"என்ன தெரியும்?"

"இந்த வருஷம் ஒருத்தர்கூட ஏன் ஹீட்டர் எடுக்கலைன்னு. நீதானே வேணாம்னு எழுதுறே? தண்ணி சூடானா இந்த மனுஷன் நடப்பான்னு தெரிஞ்சும், வேணாம்னே எழுதுறே."

அண்ணி இன்னொரு கொட்டையைக் கையில் எடுத்தாள்.

"மொதல்ல எனக்குக் கோபம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ராத்திரியெல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டே கெடந்தேன். எனக்காக ஒரு பொய் எழுதக் கூடாதான்னு." அண்ணன் நல்ல கையால் அவள் கையைத் தடவிக் கொடுத்தார். "அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். முப்பத்தஞ்சு வருஷமா நீ இப்படித்தானே? கால் போனாப் போகுது. எம் பொண்டாட்டி யாரையும் ஏமாத்தலைன்னு நெனைச்சுக்கிட்டே படுத்திருக்கேன். அது போதும் எனக்கு."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றாள் அவரிடம். "நான்தான் வேணாம்னு எழுதினேன்."

அடுத்த சனிக்கிழமை அண்ணன், "இந்த வாரமாவது?" என்று கேட்கவில்லை. நீச்சல் உடுப்பும் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் மேட்டுக்குப் போனபோது ஒரு டச்சு ஜோடி கிளம்பிக்கொண்டிருந்தது, தண்ணீர் நல்ல சூடாக இருந்ததென்று அண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.