பதிவேட்டில் இல்லாத வயல்

உத்தமபாளையத்தில் அப்துல் ஜலீல் என்றால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ‘லண்டன் பாய்’ என்று கேட்டால் ஆட்டோக்காரரே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த ஊர் ராஜா ராணிகளைப் பற்றிப் படித்தார். படித்ததைச் சின்னச் சின்னப் புத்தகமாக எழுதினார். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் வாங்கிப் படித்தார்கள், ரேடியோவில்கூடக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களுக்கே அவர்கள் பாட்டன் பூட்டன் கதையைச் சொன்ன மனிதர் என்று அவர் மனைவி லத்திபாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டிக்கொண்டதில்லை. காட்டினால் மனிதர் இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவாரே.

அவருடைய அரசியல் ரொம்பச் சின்னது. பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்ததில் யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகவே அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியில் சேர்ந்தார், குடியுரிமையும் வாங்கினார், மழையில் கோட்டு நனைய வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். கதவைத் திறந்த ஆள் சில நேரம், “நீ எப்போ உன் ஊருக்குத் திரும்பிப் போவ?” என்று கேட்பானாம். இவர் கோபப்படவே மாட்டார். அந்தத் தெருவுக்கு எந்த ராஜா காலத்தில் பெயர் வைத்தார்கள் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் சொல்லுவார். அவன் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓட்டுப் போடுவதாக ஒப்புக்கொள்வான்.

வேலை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இங்கே ஓட்டு இல்லை. அதனால் என்ன, பேசுவதற்கு ஓட்டு எதற்கு? இங்கே தண்ணீர் வருகிற அணையைக் கட்டின வெள்ளைக்கார இன்ஜினியர் படத்தை வீட்டில் மாட்டி, தைப்பொங்கலுக்கு அதன் முன்னால் பானை வைக்கிற சனம் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. ஜலீலுக்கு ஏகக் குஷி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பழைய ஏற்பாட்டை மாற்றினதில்தான் எல்லாம் கெட்டது என்று பேசினார்.

கடைசியில் ஒரு பழைய கர்ணம் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தப் பதிவேடு கிடைத்தது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் போகிற வாய்க்காலில் எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை நாழிகை தண்ணீர் என்று வெள்ளைக்காரர் காலத்தில் எழுதி வைத்தது. ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு போட்டு, வாய்க்கால் சங்கக் கூட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். சங்கத் தலைவர் சுருளியாண்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பாய் இம்புட்டுத் தூரம் சொன்ன பெறகு பேச்சு என்ன? அணை கட்டுன மகராசன் காலத்து முறை. அப்படியே நடத்துவோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளே நடத்தியும் விட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

வாய்க்காலின் கடைசியில் லத்திபாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல். அவளைப் பெற்ற அத்தா கொடுத்தது. ஜலீல் இங்கிலாந்து ராஜாக்களோடு இருந்த வருஷமெல்லாம் அவள் இங்கேயே இருந்து நட்டு அறுத்த வயல். பயிர் இப்போது பால் பிடிக்கிற பருவம். ஐந்து நாளில் தண்ணீர் ஏறாவிட்டால் அத்தனையும் பதர்தான். பதிவேட்டிலோ அப்படி ஒரு வயலே இல்லை. அந்தக் காலத்தில் அது வெறும் கல்லுக் கரடு.

“ஏங்க, கடைமடைக்குத் தண்ணி வரல.”

“வராது லத்திபா. தண்ணி பாயுற ஆயக்கட்டுல அது இல்ல. கரடு.”

“கரட்டுலயா நெல்லு நிக்குது?”

“வரலாற்றுப்படி அங்கன நெல்லு நிக்க முடியாது.”

“வந்து பாருங்க. ஒங்க வரலாறு காயுது.”

அவர் வரவில்லை. சுருளியாண்டியிடம் போனாள். “நான் என்ன செய்யட்டும் தங்கச்சி? ஒன் வீட்டுக்காரக சொன்னாக, நாங்க கேட்டோம். இப்ப மாத்துனா அந்த மகராசன் படத்துக்கு முன்னால எந்த மூஞ்சியோட பொங்கப்பானை வைக்கிறது?”

சரி என்று வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் ஜலீல் டீ கேட்டார்.

“பதிவேட்டுக் காலத்துல இந்த ஊர்ல யாரு டீ குடிச்சாக?” என்று கம்பங்கூழைக் கொண்டுவந்து வைத்தாள். கேஸ் அடுப்பை மூடினாள், ஃபேனை நிறுத்தினாள், செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மனிதர் கத்துவார், கத்தினால் வயலுக்கும் இதே கதிதானே என்று பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

“பிரமாதம்!” என்றார் ஜலீல். “இதத்தான் நான் முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னொரு கும்பா ஊத்து.”

லத்திபா தலையில் அடித்துக்கொண்டாள். இப்படியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள், கூழ் குடித்த அசதியில் அவர் மத்தியானம் தூங்கும்போது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டை அவளே எடுத்து உட்கார்ந்தாள். அட்டை முதல் அட்டை வரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது: கரட்டைத் திருத்திப் புதிதாய் வயல் செய்கிறவர், தம் வீட்டு ஆண் கையால் வாய்க்காலில் நூறு முழம் தூர் வாரினால், பெயர் எழுதிக்கொண்டு முறைத் தண்ணீர் விடுவது. வேறு ஆள் வெட்டினால் செல்லாது.

எழுப்பிக் காட்டினாள். ஜலீல் திருதிருவென்று விழித்தார். “அது... பின்னிணைப்பு.”

“அதுவும் அந்தக் காலத்துதான?”

மறுநாள் விடிந்ததும் ஜலீல், வரலாற்று நிகழ்ச்சி என்பதால் இங்கிலாந்துக் கோட்டு மாட்டிக்கொண்டு, தோளில் மம்பட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். ஒரு வெட்டு வெட்டியிருப்பார், அதற்குள் சுருளியாண்டி பாய்ந்து மம்பட்டியைப் பிடுங்கினார்.

“பாய் கையில மம்பட்டியா? நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? ஏலே, எறங்குங்கடா!”

வயலைப் பார்த்துவிட்டு லத்திபா வந்து சேர்வதற்குள் ஆறு பேர் நாற்பது முழம் வாரி மேட்டில் போட்டிருந்தார்கள். ஜலீலின் கழுத்தில் மாலை.

“அண்ணே, வேற ஆளு வெட்டுனா செல்லாது.”

“கூலிக்கா வெட்டுறோம்? பக்தியில வெட்டுறோம் தங்கச்சி!”

“பக்தியும் செல்லாது. வாரின மண்ணத் திரும்ப உள்ள போடுங்க.”

போட்டார்கள். நன்றாக வாரியிருந்த வாய்க்காலில் ஆறு பேரும் மூச்சு வாங்க வண்டலை அள்ளிக் கொட்டி, காலால் மிதித்துப் பழையபடி ஆக்கினார்கள். ஜலீல் மறுபடி முதல் முழத்திலிருந்து ஆரம்பித்தார். லத்திபா கரையிலேயே காவல் நின்றாள். ஒருவர் அவருக்குக் குடை பிடிக்கலாமா என்று கேட்டார். பதிவேட்டில் குடையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் விட்டாள். முழத்தை யார் கையால் அளப்பது என்று ஒரு சண்டை வந்தது. சுருளியாண்டியின் கை நீளம். “வெட்டுறவரு கைதான் அளவு” என்று அவள் முடித்துவிட்டாள். ஜலீலுக்குக் கை குட்டை. அப்படியும் அன்றைக்கு அறுபத்து மூன்றுதான் ஆயிற்று.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் நூறாவது முழம் முடிந்தது. கோட்டு எங்கேயோ கிடந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சுருளியாண்டி தண்ணீரை அடைத்திருந்த மடைப் பலகையில் கை வைத்தபடி சொன்னார்: “பேரு எழுதணும்ல பாய். பட்டா தங்கச்சி பேர்ல இருக்கு.”

ஜலீல் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “இதுல எழுதக் கூடாது. அவுக எழுதி முடிச்ச பெறகு இதுல எவனும் ஒரு புள்ளி வச்சதில்ல.”

“ஜெராக்ஸுதானங்க?” என்றாள் லத்திபா.

“ஜெராக்ஸா இருந்தா என்ன? தனித்தாள்ல எழுதிச் செருகுறேன்.”

“தனித்தாளுக்குத் தண்ணி வருமா?”

அவர் வயல் பக்கம் திரும்பினார். ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த வயலுக்கு முன்னால் நின்றதே இல்லை. நெல்லின் இலைகள் சுருண்டு ஊசி ஊசியாக நின்றன. ஒரு கதிரை உருவி நசுக்கினார். பால் வரவில்லை, ஈரம் மட்டும் விரலில் ஒட்டியது. அப்படியே உட்கார்ந்து, கொப்புளத்தில் பேனா படாமல் பிடித்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: லத்திபா, கரடு, ஒன்றரை ஏக்கர்.

லத்திபா எட்டிப் பார்த்தாள். “கரடு இல்ல. வயல்னு எழுதுங்க.”

“அடிக்கணுமே புள்ள.”

“அடிங்க.”

அடித்தார். வயல் என்று எழுதினார். சுருளியாண்டி பலகையைத் தூக்கினார்.