வலது நுரையீரலில் ஒரு புள்ளி

திண்டுக்கல்லில் அந்த ஸ்கேன் சென்டரின் நடைபாதையில் மூன்று நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் இல்லை. அங்கே நின்றபடிதான் அந்த வரியைப் படித்தேன்: வலது நுரையீரலின் மேல்பகுதியில் சிறு நாட்யூல் (கட்டி போன்ற புள்ளி). என் மனைவி செல்விக்கு மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து மூன்று வருடம்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. “அறுவைக்கு முந்தின ஸ்கேன்ல இது இருந்தா பழைய தழும்பு சார். இல்லைன்னா ஊசி வச்சு சதை எடுத்துப் பார்க்கணும்.” மெட்டாஸ்டாசிஸ் (புற்று வேறு உறுப்புக்குப் பரவுதல்) என்ற சொல்லை என்னிடம் மட்டும் சொன்னார்.

பழைய படத்தை எடுத்ததும் இதே சென்டர்தான். “அம்புட்டு நாளைக்கு வைக்க மாட்டோம் சார், அழிச்சிருவோம்” என்றார் கவுண்டரில் இருந்தவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர்கள் தந்த சிடியை அறுவை செய்த மருத்துவமனை வாங்கித் தொலைத்திருந்தது. மனு, நினைவூட்டல் மனு, மேல்முறையீடு எல்லாம் முறைப்படி எழுதினேன். முறைப்படி பதில் வரவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் கணினி கற்பித்து ஓய்வு பெற்றவன். சிடியைக் கொடுக்கும் முன் வீட்டிலுள்ள லினக்ஸ் கணினியில் ஒரு நகல் போட்டு வைத்திருந்தேன். ஆயுத பூஜையன்று காலை, செல்வியின் படங்களையெல்லாம் ஒரே இடத்துக்கு நகர்த்தும்படி கணினியை ஓடவிட்டு, பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கணினியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

“அருவாமனையே கழுவி வச்சாச்சு. இது மட்டும் ஓடிக்கிட்டு இருக்கணுமாக்கும்” என்றாள் செல்வி.

மறுபடி போட்டேன். ஃபைல் சிஸ்டம் (எந்தக் கோப்பு ஹார்ட் டிஸ்க் வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அமைப்பு) குலைந்துவிட்டது, நீயே சரிபார் என்றது கறுப்புத் திரை. கத்தினேன். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“கட்டி எனக்கு. கத்துறது நீங்க” என்றாள்.

முதலில் வட்டை அப்படியே நகலெடு, அதில் எதையும் எழுதாமல் சோதி, பிறகு பழுதுபார் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன் நான். கோபத்தில் முதல் இரண்டையும் தாண்டினேன். பழுதுபார்க்கும் நிரல் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று முன்கூட்டியே பதில் கொடுத்து ஓட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

செல்வியின் கோப்புறை காலி. தொலைந்து மீண்டவற்றைப் போட்டுவைக்கும் அடைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள், பெயர் போய், வெறும் எண்களாகக் கிடந்தன. அப்போதுதான் கையை எடுத்தேன். வட்டு முழுவதையும் இன்னொரு வட்டில் நகலெடுத்து, நகலில் மட்டும் தேடினேன். ஸ்கேன் படத்துக்கு உள்ளேயே நோயாளியின் பெயரும் எடுத்த தேதியும் பதிந்திருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்க இரண்டு நாள் ஆனது. நுரையீரல் துண்டு துண்டாக வந்தது. அடிப்பகுதியில் சில துண்டுகள் வரவே இல்லை.

“மேல்பக்கம் இருக்கா?” என்று என் பின்னால் நின்று கேட்டாள் செல்வி.

இருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: படத்துக்கு இரண்டு பிரதி கேட்டு வாங்குங்கள். எங்களிடம் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வட்டு பழுதானால் கோபம் தணியும்வரை அதைத் தொடாதீர்கள். எனக்கு இன்னும் தணியவில்லை.

மருத்துவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். புள்ளி பழையதிலும் இருந்தது, அதே அளவில். “எப்பவோ சளி கட்டி ஆறின தழும்பும்மா. ஊசி வேண்டாம்.”

“எப்ப வந்துச்சு?” என்றாள் செல்வி.

“அது தெரியாதும்மா.”

பஸ்ஸில் அவள் தோளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தியபடியே வந்தாள். வலிக்கிறதா என்றேன். “இல்ல, எங்கன இருக்குன்னு பாக்குறேன்.”

நோய்க்கு முன், நோய்க்குப் பின் என்று எங்கள் காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். அந்த நல்ல வருடங்களில் ஏதோ ஒன்றில் அவள் நெஞ்சு தானாகப் புண்ணாகி, தானாக ஆறியிருக்கிறது. அப்போது நான் பக்கத்தில்தான் இருந்திருப்பேன்.