வெர்னாவும் உப்புக் கிணற்றின் பதினோரு நிமிஷ இருட்டும்

எங்கள் ஈரி நகரத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா பிளாஸ்கோ. ஏரிக்காற்று கொண்டுவரும் பனி இடுப்பளவு கொட்டுகிற நாளிலும் அவள் வண்டியில் ஒரு குழந்தைக்குச் சிராய்ப்பு பட்டதில்லை. அவள் வீட்டு நிலவறையில் ஆயிரத்து இருநூறு வீடியோ டேப்புகள் இருக்கின்றன. எல்லாம் பேய்ப்படம். அவள் புருஷன் ரே தன் சுத்தியலை வைக்கக்கூட அங்கே இடம் கேட்டு வாங்க வேண்டும்.

'உப்புக் கிணறு' எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் எடுத்த படம். தியேட்டரில் ஒரு வாரம் தாங்கவில்லை. டேப்பில்தான் அதற்கு வாழ்வு வந்தது. எங்கள் வயசுக்காரர்கள் எல்லோரும் வாடகைக்கு எடுத்துப் பார்த்துப் பயந்து, போர்வைக்குள் சுருண்டவர்கள்தான். பக்கத்து மாநிலத்தில், பஃபலோ நகரத்தில் ஒரு சின்னக் கம்பெனி அதன் நெகட்டிவைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்திருக்கிறது, டிஸ்க்காக வெளியிடப் போகிறது, அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு காட்சி போடுகிறது என்றதும் நானும் அவளும் முதல் வரிசைக்குப் பின்னால் இடம் பிடித்தோம்.

முதல் அரைமணி நேரம் வெர்னா பிளந்த வாயை மூடவில்லை. சோளத்தாளின் நரம்பு தெரிந்தது. கதாநாயகியின் மூக்கில் மச்சம் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு கிணற்றுக் காட்சி வந்தது. ராத்திரியில் அந்தப் பெண் லாந்தரோடு தனியாகக் கிணற்றுக்குப் போவாள். டேப்பில் எல்லாம் கருநீலம். விளக்கும் வெள்ளைப் பாவாடையின் ஓரமும் மட்டும் அசையும். திரையிலோ பட்டப்பகல். வானம் பளிச்சென்று நீலம், அவள் காலடியில் குட்டி நிழல், கையில் எரிகிற லாந்தர்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் போம்மா, வெயில் கண்ணைக் கூசும்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அரங்கமே சிரித்தது. வெர்னா எழுந்து வெளியே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

வாசலில் கம்பெனியின் டெஸ்மண்ட் கிரைடர் நின்றிருந்தார். படத்தைச் சீர்செய்தவர் அவர்தான்.

"தம்பி, நீங்க ராத்திரியைத் தொலைச்சிட்டீங்க" என்றாள் வெர்னா.

"மேடம், நெகட்டிவ்ல இருக்கிறது இதுதான். டேப்புன்னா இருட்டாத்தான் தெரியும். காப்பிக்குக் காப்பி எடுத்து மங்கிப்போனது அது."

"வெயில்ல லாந்தர் எதுக்கு?"

"சின்ன பட்ஜெட் படம். அதையெல்லாம் அப்ப யாரு பார்த்தாங்க?"

"நான் பார்த்தேன்."

காசில்லாத படக்காரர்கள் பகலில் எடுத்துவிட்டு, பிரிண்ட் போடும்போது நீலமாக இருட்டாக்கி ராத்திரி ஆக்குவது வழக்கம். நெகட்டிவில் அந்த இருட்டு இருக்காது. பிரிண்ட் ஒன்றும் மிஞ்சவில்லை, டைரக்டரும் செத்துப்போய்விட்டார். சாட்சி என்று இருந்தது டேப் மட்டும்தான்.

காரில் ஏறியதும் என்னைப் பார்த்து, "லூசில், அவன் என்னைப் பைத்தியம்னு நினைக்கிறான்டி" என்றாள்.

"நீ பைத்தியம்தான். ஆனா இந்த விஷயத்துல இல்ல" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பஃபலோவுக்குப் போனோம். முதலில் வந்த டேப், நாலு வருஷம் கழித்து வேறொரு கம்பெனி போட்ட டேப், கனடாவில் விற்ற டேப், ஆக மூன்று. அவர்களுடைய கருவிகளை நம்பாமல் பிளேயர்களையும் தூக்கி வந்தாள். கூடவே பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டை ஒரு டப்பா. "சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட போகக்கூடாது" என்றாள்.

டெஸ்மண்டின் அறையில் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டாள். ஒன்று செக்கச்செவேல், ஒன்றில் வெள்ளைக் கோடுகள், ஒன்று சாயம்போன சட்டை மாதிரி. ஆனால் அந்தப் பெண் வாசற்படி தாண்டியதும் மூன்றும் ஒரே நொடியில் நீலமாயின. பதினோரு நிமிஷம் கழித்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்றும் ஒரே நொடியில் வெளுத்தன.

"மங்கினா மூணும் மூணு விதமா மங்கும். இது என்ன, பேசி வெச்சுக்கிட்டு மங்குச்சா?" என்றாள் வெர்னா.

டெஸ்மண்ட் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். "தப்பு என்னுதுதான். டிஸ்க் இன்னும் அச்சுக்குப் போகல. மாத்திடறேன்" என்றார். ஒரு ரொட்டி உருண்டையையும் எடுத்துக்கொண்டார்.

வெர்னாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்படியே அந்த ஜன்னல் ஆளையும் பெரிசு பண்ணிக் காட்டு தம்பி" என்றாள். மாடிப்படிக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே தொப்பி போட்ட ஒருத்தன் அசையாமல் நிற்பான். அது கதாநாயகியின் செத்துப்போன அப்பாவின் ஆவி என்பது வெர்னாவின் கட்சி. எங்கள் டேப் சேகரிப்போர் சங்கத்துப் பத்திரிகையில் அதை நிரூபித்தே எழுதியிருந்தாள்.

டெஸ்மண்ட் பெரிதாக்கினார். விளக்கு மாட்டுகிற இரும்புக்கால். அதில் யாரோ கழற்றி மாட்டிய மழைக்கோட்டு. உச்சியில் ஒரு தொப்பி.

"வேணும்னா அந்த ஜன்னலையும் கொஞ்சம் இருட்டாக்கிடலாம்" என்றார் டெஸ்மண்ட் மெதுவாக.

"வேண்டாம். ராத்திரி படம் எடுத்தவங்க செஞ்சது. அந்த ஆளைச் செஞ்சது நான். என்னுதை நானே திரும்ப எடுத்துக்கிறேன்." பிறகு பல்லைக் கடித்தாள். "ஆனா அந்தக் கோட்டை மாட்டினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

திரும்பும்போது மாநில எல்லை தாண்டும்வரை அவள் காரை விரட்டினாள். அப்புறம், "அப்பான்னு நினைச்சேன்டி. நாலு பக்கம் எழுதினேன்" என்றாள்.

"அஞ்சு பக்கம். நான்தானே டைப் அடிச்சேன்."

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தாள். நான்தான் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தத்தில் டிஸ்க் வந்தது, ராத்திரியோடு. வெர்னாவின் முதல் டேப்பையும் அப்படியே, கீறல் கோடுகளோடு, அதில் சேர்த்திருந்தார்கள். சங்கத்துப் பத்திரிகையில் அவள் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பாதிப் பேர் அதை ஏற்கவில்லை. அந்த மழைக்கோட்டைக் கம்பெனிக்காரன்தான் வரைந்து சேர்த்துவிட்டான் என்கிறார்கள்.

இப்போது டெஸ்மண்ட் ஒவ்வொரு படத்தையும் அச்சுக்கு முன்னால் அவளுக்கு அனுப்புகிறார். போன வாரம் வந்த படத்தில் ரத்தம் ரோஜா நிறமாக இருக்கிறது என்று அவள் எழுதினாள். அது அப்படித்தான் என்று அவர் பதில் போட்டார். மத்தியானம் பேருந்தை நிறுத்திவிட்டு, குழந்தைகளை ஏற்றப் போகிற நேரம் வரை, வெர்னா அவரோடு போனில் கத்திக்கொண்டிருக்கிறாள்.