கழுகைக் கண்டால் தலையை மூடிக்கொண்டவர்

அப்பாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கீழைத் தெருவில் வண்டல் அடைத்திருந்த சுடுமண் குழாயைக் கழற்றியது. மகன் திமோலாஸ் கிரேக்க ஊரான தனாக்ராவின் நீர்க்குழாய்களுக்குப் பொறுப்பாளன். சரிவு அளக்கவும் இணைப்புப் பூசவும் முறையாகக் கற்றவன். எழுபத்திரண்டு வயது அப்பா மென்னேஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

"நீயே பாரு. உன்னைத் தண்ணிக்குள்ள இழுக்க ஒருத்தியும் வர மாட்டா."

"உங்களை மட்டும் இழுப்பாளாக்கும்? வாயில இருக்கிறது நாலு பல்லு."

"நாலு போதும்டா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தண்ணீர் மொள்ளக் குனிந்த அழகன் ஹைலாஸை நீர்ப்பெண்கள் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதனால் மென்னேஸ் ஐம்பது வருடமாக எந்தச் சுனை மேலும் குனிந்ததில்லை. அழகன் அடோனிஸைக் காட்டுப்பன்றி குத்திக் கொன்ற கதையைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேட்டை ஆகாது. ஹயசிந்தஸை உயிராக நேசித்த அப்பல்லோ எறிந்த வட்டுதான் அவன் மண்டையைப் பிளந்தது. மைதானத்தில் யாராவது வட்டைக் கையில் எடுத்தால் மென்னேஸ் கிளம்பிவிடுவார். எல்லாவற்றிலும் மோசம் கழுகு. சாமிகளுக்கெல்லாம் அரசனான ஸியூஸ் கழுகாக வந்து அழகுப் பையன் கானிமீடைத் தூக்கிப்போனது ஊரறிந்த கதை. வானத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டாலும் மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். சண்டைச் சேவல் வளர்த்துப் பிழைத்தவர் அவர். வால் அழகான சேவலைப் பகலில் கூண்டை விட்டு வெளியே விடமாட்டார்.

"பயமாவது ஒண்ணாவது," என்பாள் அம்மா, உயிரோடு இருந்தவரை. "இந்த வயசுலயும் மேலே இருந்து யாரோ பார்க்கிறாங்கன்னு நினைப்பு."

திமோலாஸ் சப்பை மூக்கோடு பிறந்தபோது கோயிலுக்கு ஒரு சேவல் கொடுத்தாராம். இந்த மூக்கை எந்தச் சாமியும் தூக்கிப்போகாது என்ற காரணத்தை ஒளிக்கவும் இல்லை.

இத்தனைக்கும் மூலம் பத்தொன்பது வயதில் நடந்தது. முன்பு ஊரில் கொள்ளைநோய் வந்தபோது ஹெர்மிஸ் சாமி ஒரு செம்மறிக் கிடாயைத் தோளில் சுமந்து மதிலைச் சுற்றினார், நோய் நின்றது. அதனால் ஒவ்வொரு திருவிழாவிலும் ஊரிலேயே அழகான இளைஞன் ஒருவன் கிடாய் சுமந்து மதிலைச் சுற்ற வேண்டும். அந்த வருடம் தேர்வானவர் மென்னேஸ். இந்த வருடம் அவர் பேரன் கிராதோன், திமோலாஸின் மகன்.

செய்தி வந்த அன்று கிழவர் சிரிக்கவில்லை. அதைத் திமோலாஸ் கவனித்தான்.

குழாய் வேலை முடிந்த மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் மகனைக் கூப்பிட்டார்.

"கிராதோன் பேரை எடுத்துடச் சொல்லு."

"ஏன்ப்பா?"

"எடுத்துடச் சொல்லு."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலை உயிர் போயிற்று.

பேரை எடுத்தால், பையன் உடம்பில் ஏதோ குறை என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு கல்யாணம் வரைக்கும் துரத்தும். எடுக்காவிட்டால் அப்பாவின் கடைசிச் சொல்லை மீறியதாகும். கிராதோன் முற்றத்தில் வாற்கோதுமை மூட்டையைத் தோளில் வைத்து நடந்து பழகிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் திமோலாஸுக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. ஊருக்கு இன்னொரு அழகன் வருவது கிழவருக்குப் பொறுக்கவில்லையோ?

தீட்டுக் கழிந்த மறுநாள் சாமிகோஸ் வந்தார். அப்பாவின் கூட்டாளி, அந்தக் காலத் தேர்வில் இரண்டாவதாக வந்தவர்.

"உங்கப்பன் சுத்தை முடிக்கலடா," என்றார், உட்காரும் முன்பே.

"எந்தச் சுத்து?"

"கிடாய்ச் சுத்து. தெற்கு வாசல் வரைக்கும் வந்தான். மேலே கழுகு. கிடாயைத் தரையில போட்டுட்டு மதில்ல ஒட்டிக்கிட்டான். சுத்து முடியுற வரைக்கும் கிடாயோட கால் தரையில படக்கூடாது. பட்டுடுச்சு. கூட்டம் பின்னால தங்கிடுச்சு, பார்த்தது நான் மட்டும்தான். மறுபடி தூக்கிக்கிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி போனான். சாமி தன் வீட்டுல ஒரு அழகனை எடுத்துக்கிட்டுத்தான் கணக்கு தீர்ப்பார்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தான்."

"இந்த வருஷம் ரெண்டாவது வந்தது யாரு, மாமா?"

"என் பேரன்தான். அதான் நீ இப்படிப் பார்க்கிறேன்னு தெரியுது."

"ஐம்பது வருஷம் சொல்லாததை இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"காய்ச்சலுக்கு முன்னால வந்து, திருவிழாவுக்குள்ள விட்ட இடத்துலேர்ந்து நடந்து முடிச்சிடறேன்னான். சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரல. நம்பாட்டிப் போ."

திமோலாஸ் நம்பவில்லை. குழாய் கசிகிறது என்று யார் சொன்னாலும் தோண்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதவன் அவன். மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பட்டிக்குப் போனான். சாமிகோஸ் பெயரையே எடுக்கவில்லை.

"எங்கப்பா இங்க வந்தாரா?" என்று மட்டும் கேட்டான்.

"வந்தாரே," என்றான் ஆட்டுக்காரன் கோர்கோஸ். "கீழைத் தெருவுல குழாய் நோண்டினீங்களே, அதுக்கு மறுநாள். கிடாய் கேட்டாரு. தோள்ல தூக்கி வச்சுப் பார்த்தாரு. நாலு அடி நடந்து உட்கார்ந்துட்டாரு பாவம். இதைவிடச் சின்னதாக் குடுன்னாரு. பலிக்கு எதுக்கு அய்யா சின்னதுன்னேன். வாயை மூடுன்னாரு."

"எங்க கொண்டு வரச் சொன்னார்?"

"கோயிலுக்கு இல்ல. தெற்கு வாசலுக்கு. விடியும்போது, ஒருத்தர் கண்ணுலயும் படாம. நாள் சொல்லி அனுப்புறேன்னாரு."

திமோலாஸ் நாட்களை எண்ணிப் பார்த்தான். காய்ச்சல் வந்த பிறகுதான், தன்னால் போக முடியாது என்று தெரிந்த பிறகுதான், பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். பொறாமை என்று நினைத்தோமே என்றிருந்தது.

"அந்தச் சின்னக் கிடாய் அதோ கட்டியிருக்கு," என்றான் கோர்கோஸ். "வேணுமா, வேண்டாமா?"

"நாளைக்குக் கொண்டு வா."

"தூக்குறது யாரு?" திமோலாஸின் மூக்கை ஒரு தடவை பார்த்தான். "அழகா இருக்கிறவங்கதானே தூக்கணும்?"

திமோலாஸ் கிடாயைத் தூக்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தான். திரும்பும் வழியில் ஹெர்மிஸ் கோயிலைத் தாண்டித்தான் நடந்தான். கிராதோன் பேரை எடுக்கச் சொல்ல உள்ளே போகவில்லை. தெற்கு வாசலிலிருந்து, சுற்று முடியும் அந்தக் கோயில் வரை மதிலோரமாக நானூற்றுப் பன்னிரண்டு காலடி. குழாய் பதித்தபோது அவனே அளந்தது. அப்பா கிடாயோடு நடந்து முடிக்காத தூரம் அவ்வளவுதான்.