அவள் அப்பாவிடம் நான் சொல்லாதது

சேலத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. விடுதியில் இரண்டு பேர் தங்கும் அறை. எனக்கு முன்பே வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்திருந்தவள் குமாரபாளையத்துக்காரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நான் நாமகிரிப்பேட்டைப் பக்கம். எங்களுக்கு மஞ்சளும் மரவள்ளியும். இருவரும் தமிழ் வழியில் படித்தவர்கள், இருவருமே அவரவர் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள். அது தெரிந்த அன்று, ஏதோ விட்டுப்போன சொந்தம் கிடைத்ததுபோல் சிரித்துக்கொண்டோம்.

ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வகுப்பில் எல்லாமே ஆங்கிலம். காதில் விழுவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடுவேன். பாதிச் சொற்கள் அகப்படாது. நான் காதில் வாங்கியதே தப்பாக இருக்கும். கணக்கில் புலி என்று ஊரில் எனக்குப் பெயர். முதல் உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. விடைத்தாளை மடித்து, மறுபடியும் மடித்து, பேனா டப்பாவுக்குள் திணித்துக்கொண்டேன்.

அவளுக்கு நடந்தது வேறு. இயற்பியல் வகுப்பில் ஆசிரியை அவளை எழுப்பி, பலகையில் வரைந்திருந்த படத்தை விளக்கச் சொன்னார். அவளுக்கு அது தெரியும். முந்தின நாள்தான் எனக்கே தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தாள். எழுந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியையும் திட்டவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்லட்டுமா என்று அவளுக்காக நான் கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது மதியச் சாப்பாட்டின்போதுதான்.

மறுநாள் அவள் வழக்கம்போல் குளித்து, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். வகுப்புக் கட்டடத்தின் படி வரைக்கும் வந்தவள், "நீ போ, நான் பின்னால வாரேன்" என்றாள். வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரம் உண்டு. மாலை வரைக்கும் அதன் அடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மணியடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் படிக்கட்டுக்கு வந்து நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அவளும் வகுப்பு முடிந்து வருகிறவள் போலவே இருக்கும். சாப்பாடும் குறைந்துபோனது.

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத. அடுத்த வாரத்துல இருந்து நான் போயிருவேன்" என்றாள். நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் கைப்பேசியை எடுக்காமல் விட ஆரம்பித்ததும், அவள் அப்பா என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். தறி ஓடும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவார்.

"சாமி, புள்ள சாப்புட்டாளா?"

"சாப்புட்டாளுங்கப்பா."

"கிளாசுக்கெல்லாம் ஒழுங்காப் போறாளா?"

எதிர்க்கட்டிலில் இருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். போகிறாள் என்பேன். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஏறக்குறைய ஒன்றரை மாதம், வாரத்துக்கு மூன்று நான்கு முறை இதையே சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் நடுங்காமல் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் தாங்க முடியாமல் விடுதிக் காப்பாளரைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மோட்டார் ரிப்பேர்; அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்து, "உனக்கு என்னம்மா?" என்றார். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? விடுப்புப் படிவம் வேண்டும் என்றேன். எடுத்துக்கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடைசியில் வருகைப் பதிவு குறைவு என்று கல்லூரியிலிருந்தே அவள் அப்பாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவர் வந்து நின்றார். நான் குரலை மட்டுமே கேட்டிருந்த மனிதர். நினைத்திருந்ததைவிடக் குள்ளம், ஒல்லி. சட்டையில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்ததும் அவள் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு இளைத்திருந்தாள். பக்கத்திலேயே இருந்த என் கண்ணுக்கு அது அதுவரை படவேயில்லை.

அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, நான் அவளுடைய பை ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டார்.

"உன்னையத்தான சாமி கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா முன்னாலயே வந்திருப்பேனே."

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். "அவதானுங்க சொல்ல வேண்டாம்ன்னா" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, தன்னுடைய வாளியை நானே வைத்துக்கொள்ளலாம் என்றாள். நாங்கள் அப்போது பேசியது அது ஒன்றுதான்.

அந்தப் பருவத்தில் கணக்கில் நானும் தோற்றேன். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, என்னோடு தங்கியிருந்த பெண்ணைப் பற்றி அம்மா கேட்டாள். உடம்பு சரியில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். என் மதிப்பெண்ணைக் கேட்டபோது இன்னும் வரவில்லை என்றேன். மறுதேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினேன்.

அவள் ஒரு வருடம் வீட்டிலிருந்துவிட்டு, வேறொரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்ந்தாள். ஒருமுறை அவளே கூப்பிட்டாள். பவானிப் பாலத்தில் பஸ் நெரிசலைப் பற்றியும், புதுத் தோழிகளைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனாள். அவள் அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடலாம் என்று கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கூப்பிடவில்லை.