இடுகாட்டுக்கு ஒரு ஏத்தங்குலை

"தாத்தா செய்ததுக்குப் பேரன் என்ன செய்வான்?"

சென்ற மாதம் எங்கள் வகுப்பில் ஒருவன் இப்படிக் கேட்டான். சமூகப்பணி முதுகலை வகுப்பு அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்து அங்கே வந்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பின மக்களின் வாரிசுகள் இழப்பீடு கேட்கிறார்கள், அதில் சமூகப்பணியாளரின் பங்கு என்ன என்பது அன்றைய பாடம். நம் தொழிலும் நெடுங்காலம் அநியாயத்துக்குத் துணை நின்றது, இனி அவர்களோடு சேர்ந்து கேட்பதும் நம் வேலைதான் என்று அங்கே தொழிலில் இருப்பவர்களே பேசுகிறார்களாம். பேராசிரியை சொல்லி முடிக்கும் முன்பே அவன் எழுந்துவிட்டான். உதவித்தொகை கொடுத்தால் போதாதா என்று சிரிப்பு வேறு.

எனக்குக் காது சுட்டது. அந்தக் கேள்வி என் காதில் முன்பே விழுந்திருக்கிறது, அதுவும் ஒலிபெருக்கி வழியாக.

எங்கள் ஊர் குலசேகரத்தை அடுத்த ஒரு குன்றுச் சரிவு. சரிவு முழுக்க ஒரே குடும்பத்தின் ரப்பர். அந்தக் குடும்பத்தைப் பெரிய வீடு என்போம். திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்தில் எங்கள் முன்னோர் அந்த வீட்டின் அடிமைகள். நிலத்தை விற்றால் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். எங்கள் இடுகாடு அந்தத் தோட்டத்தின் நடுவில் இருந்தது. சரியாகச் சொன்னால், இடுகாட்டின் மேல்தான் அவர்கள் ரப்பர் வைத்தார்கள். சுற்றி வேலி, இரும்புக் கேட், கேட்டுக்குப் பூட்டு.

ஓணத்துக்கு முந்தின நாள் எங்கள் வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைத்தார், பெரிய வீட்டின் பின்வாசலுக்குப் போகும். விளைந்ததிலேயே நல்ல குலை. பதிலுக்கு ஒரு பழைய வேட்டி வரும். இதற்குக் காழ்ச்சை என்று பெயர். காழ்ச்சை வைத்த வீட்டில் சாவு விழுந்தால்தான் கேட் திறக்கும்.

என் சின்ன வயதில் ஒரு வருஷம் காற்றில் எங்கள் வாழை மொத்தமும் சாய்ந்தது, குலை போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அப்பா தென்னையிலிருந்து விழுந்து இறந்தார். தூக்கிக்கொண்டு போனவர்கள் பூட்டிய கேட்டின் முன்னால் நனைந்துகொண்டு நின்றார்கள். அப்பாவின் அக்காவான என் அத்தை பின்வாசலில் போய்க் கெஞ்சிச் சாவி வாங்கி வந்தாள். மழை விட்டதும், அப்பாவின் தலைமாட்டில் நின்ற ரப்பர் மரத்திலும் சிரட்டை கட்டிப் பால் எடுத்தார்கள்.

மறுவருஷம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சமூகப்பணியாளர் அக்கா ஒருவர் ஊருக்கு வந்தார். ஓணத்துக்குப் பெரிய வீட்டு முதலாளி குழந்தைகளுக்குப் புதுத்துணி கொடுப்பதாக அவரே பேசி ஏற்பாடு செய்தார். பள்ளி மைதானத்தில் மேடை. திக்காமல் வாசிப்பேன் என்பதால் நன்றியுரை எனக்கு. எனக்கென்று ஒரு மஞ்சள் பிராக்கைக் காட்டினார்கள். அதன்பிறகு ஆசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உரை சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த அக்கா அத்தையிடம், "நீங்க பாசமாக் குடுக்கிற குலையையும் மேடையிலேயே குடுங்க. போட்டோ நல்லா இருக்கும்" என்றார்.

அத்தை சிரித்தாள். "பாசமா? டீச்சரே, எங்க ஆளுவளைப் பொதைக்கியதுக்கு நாங்க குடுக்கிய வாடகையாக்கும் அது. கேட்டைத் தொறக்கணும்லா?"

அக்காவின் முகம் மாறியது. அத்தை அவரைக் கேட்வரை கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். வேலிக்கு வெளியே நின்று, அப்பா கிடக்கும் இடத்தை அத்தை கைநீட்டிக் காட்டினாள்.

"இத ஏன் யாருமே கேக்கல?" என்றார் அக்கா.

"நான் அவியளுக்க தோட்டத்துல பால் வெட்டித்தான் கஞ்சி குடிக்கியேன். நீங்க கேட்டா உங்களுக்க வேலையும் போவும். கேக்கியளா?"

மறுநாள் குழாயடியில் பெண்களும் அக்காவும் கூடி வெகுநேரம் பேசினார்கள். பிள்ளைகளை விரட்டிவிட்டார்கள்.

விழாவில் துணிக்குவியலின் உச்சியில் என் மஞ்சள் பிராக் இருந்தது. நான் மைக்கின் முன்னால் போய் நின்றேன். அக்கா என் தோளில் கைவைத்து மெல்ல விலக்கிவிட்டுத் தானே பேசினார். "துணிக்கு நன்றி. ஆனா இந்த ஊர் கேக்கிறது துணி இல்ல. இவங்க இடுகாட்டைத் திருப்பிக் குடுங்க. அது தானம் இல்ல, எடுத்ததைத் திருப்பிக் குடுக்கிறது."

மைதானத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

முதலாளி மைக்கைப் பிடுங்கினார். "பாவப்பட்ட பிள்ளியளாச்சேன்னு துணி கொண்டு வந்தா, பூமியா கேக்குதிய? எனக்க தாத்தா செஞ்சதுக்கு நான் என்ன செய்யணும்?"

"தாத்தா வச்ச ரப்பர்ல பால் மட்டும் நீரு எடுக்கலாமோ?"

அத்தையின் குரல்தான். கூட்டம் சிரித்தது. துணிகள் ஜீப்பில் ஏறின, பிராக்கும் ஏறியது. நான் மண்ணில் உருண்டு அழுதேன். "இந்த அக்காதான் எல்லாத்தையும் கெடுத்தது!"

"ஏட்டி, சும்மா கெட" என்று அத்தை என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

அத்தையைப் பால் வெட்ட வரவேண்டாம் என்றார்கள். அக்காவை நிறுவனம் வேறு மாவட்டத்துக்கு மாற்றியது, கொடையாளரைப் புண்படுத்திவிட்டாராம். பூட்டிய கேட்டின் முன்னால் அப்பாவோடு நனைந்தவர்கள் எவ்வளவு புண்பட்டார்கள் என்று அந்த நிறுவனம் யாரிடமும் விசாரிக்கவில்லை. அடுத்து வந்தவர் பென்சில் கொடுத்தார், போட்டோ எடுத்தார், கேட் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி. கேட்டில் இன்றும் பூட்டு தொங்குகிறது. இதையெல்லாம் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். கடைசியில் அத்தை கேட்டதை அவனிடம் அப்படியே கேட்டேன். அவன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அந்தத் துணி விழாவுக்கு அடுத்த வருஷ ஓணம் இப்போதும் கண்முன் நிற்கிறது. முந்தின நாள் அத்தை நல்ல குலையாகப் பார்த்து வெட்டினாள். ஆனால் தலையில் ஏற்றவில்லை. முற்றத்தில் அடுப்புக் கூட்டி, காய்களைச் சீவி எண்ணெயில் போட்டாள். பக்கத்து வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது, அதற்கடுத்த வீட்டிலும். சரிவு முழுக்க வத்தல் பொரியும் வாசனை மேலேறிப் பெரிய வீட்டுக்குப் போனது.

"பெரிய வீட்டுக்குக் கொண்டு போகாண்டாமா அத்தே?"

"தின்னுட்டி" என்று சூடாக ஒரு கை அள்ளித் தந்தாள்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு எங்கள்மேல் கோபம், அதனால்தான் குலையை வாங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தின்றேன். கோபப்பட்டது நாங்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.